குர்ட் லெவின்

குர்ட் லெவின் (செப்டம்பர் 9, 1890 – பெப்ரவரி 12, 1947) ஜெர்மனியில் வளர்ந்து ஐக்கிய அமெரிக்காவில் குடியேறிய உளவியலாளர் ஆவார். சமூக உளவியலைச் சோதனை அறிவியலாக வளர்த்தவர்களுள் முதன்மையானவராக இவர் கருதப்படுகிறார். குழு இயங்கியல், களக் கோட்பாடு, செயலாய்வு ஆகிய துறைச்சொற்கள் இவருடைய பெயரோடு இணைத்தே பேசப்படுகின்றன. ஒரு குழுவில் தலைவர் எவ்வாறு நடந்துகொள்கிறார் என்பது அக்குழுவின் உழைப்பையும் உறவுகளையும் எந்த அளவுக்கு மாற்றுகிறது என்பதை எண்ணிப் பார்க்கத்தக்க முறையில் ஆராய்ந்த தொடக்கச் சோதனைகள் இவருடைய வழிகாட்டலில் 1937–1939 காலப்பகுதியில் அயோவாவில் நடந்தன. நிறுவனங்களில் தலைமையின் விளைவை அளக்கும் இன்றைய ஆய்வுகள் பலவற்றுக்கு அச்சோதனைகள் தொடக்கப்புள்ளியாக அமைந்தன.

இளமையும் கல்வியும்

லெவின் அப்போதைய புருசியாவின் போசன் மாகாணத்தில் இருந்த மொகில்னோ என்னும் சிற்றூரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அவ்வூர் இன்று போலந்து நாட்டில் உள்ளது. நான்கு குழந்தைகளுள் இவர் இரண்டாமவர். இவருடைய தந்தை சிறிய பலசரக்குக் கடை ஒன்றை நடத்தியதோடு ஒரு பண்ணையும் வைத்திருந்தார். பிள்ளைகளின் கல்விக்காகக் குடும்பம் 1905-இல் பெர்லினுக்கு இடம் பெயர்ந்தது.

1909-இல் பிரைபர்க் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கச் சேர்ந்த லெவின், பின்னர் மியூனிக்கில் உயிரியல் பயின்று, இறுதியாகப் பெர்லின் பல்கலைக்கழகத்தில் மெய்யியலும் உளவியலும் கற்றார். அங்கு கார்ல் ஸ்டும்ப் இவருடைய ஆய்வு வழிகாட்டியாக இருந்தார். 1914-இல் முதலாம் உலகப் போர் தொடங்கியபோது லெவின் ஜெர்மானியப் படையில் சேர்ந்து ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் பணியாற்றினார். முனைவர் பட்டம் 1916-இல் வழங்கப்பட்டது. 1918-இல் போரில் காயமடைந்தார். இவருடைய தம்பி போரில் உயிரிழந்தார்.

1917-இல் போர்க்களத்து நிலத்தோற்றம் பற்றி இவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். அமைதிக் காலத்தில் வயலாகவும் வீடாகவும் தெரியும் அதே நிலம், போர்வீரனின் கண்ணுக்கு மறைவிடமாகவும் ஆபத்து எல்லையாகவும் தெரிகிறது என்பதை அக்கட்டுரை விளக்கியது. மனிதனின் நடத்தையை அவன் இருக்கும் சூழலிலிருந்து பிரித்து அறிய முடியாது என்னும் பிற்காலக் கருத்துக்கு இது முன்னோடியாக அமைந்தது.

பெர்லின் ஆண்டுகள்

போருக்குப் பின் லெவின் பெர்லின் பல்கலைக்கழகத்தின் உளவியல் நிறுவனத்தில் ஆசிரியப் பணியில் சேர்ந்தார். மாக்ஸ் வெர்தைமர், வொல்ப்காங் கோலர் ஆகியோர் வளர்த்த முழுமைக் காட்சி உளவியல் அக்காலத்தில் அங்கு சிறப்புற்றிருந்தது. உணர்வையும் தேவையையும் குறிக்கோளையும் அதே கண்ணோட்டத்தில் ஆராய லெவின் முற்பட்டார். இவருடைய மாணவர்களுள் பலர் பெண்கள். தமாரா டெம்போ, மரியா ஒவ்சியான்கினா, புளூமா செய்கார்னிக் ஆகியோர் அவர்களுள் குறிப்பிடத்தக்கவர்கள். முடிக்கப்படாத வேலை முடிக்கப்பட்ட வேலையைவிட நன்றாக நினைவில் நிற்கும் என்பதைக் காட்டிய செய்கார்னிக்கின் ஆய்வு 1927-இல் வெளிவந்தது.

வேலைத்தலங்கள் மீது லெவினுக்கு இருந்த ஈடுபாடும் இக்காலத்திலேயே தொடங்கியது. வேளாண் தொழிலாளரின் வேலை முறைகள் பற்றி 1919-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆராய்ந்தார். அமெரிக்கப் பொறியியலாளர் பிரடெரிக் டெய்லர் வகுத்த அறிவியல் மேலாண்மை முறை, நிறுத்தக் கடிகாரத்தைக் கொண்டு வேலையைச் சிறு அசைவுகளாகப் பிரித்து அளந்தது. 1920-இல் வெளியிட்ட ஒரு நூலில் லெவின் இம்முறையை மறுபரிசீலனை செய்தார். வேலை என்பது பொருள் ஈட்டும் வழி மட்டுமன்று, வாழ்க்கையின் ஒரு பகுதியும் ஆகும். ஆகவே உற்பத்தியைப் போலவே உழைப்பவரின் நிறைவும் கணக்கில் கொள்ளப்பட வேண்டும் என்பது அவருடைய நிலைப்பாடு. தலைமையை அளக்கும்போது விளைச்சலையும் மனநிலையையும் சேர்த்தே அளக்கும் வழக்கம் பிற்காலத்தில் இவருடைய ஆய்வுகளில் நிலைபெற்றது.

நாடு துறத்தல்

லெவின் 1932-இல் கலிபோர்னியாவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் வருகைப் பேராசிரியராகப் பணியாற்றினார். சப்பான், சோவியத் ஒன்றியம் வழியாக நாடு திரும்பிக்கொண்டிருந்தபோது, 1933 சனவரியில் இட்லர் ஆட்சிக்கு வந்தார். யூதர்கள் பல்கலைக்கழகப் பதவிகளிலிருந்து நீக்கப்பட இருந்த நிலையில் லெவின் பெர்லின் பதவியை விட்டு விலகினார். அதே ஆண்டில் குடும்பத்துடன் அமெரிக்கா சென்று கார்னெல் பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆண்டுகள் தற்காலிகப் பணியில் இருந்தார். 1935-இல் அயோவா பல்கலைக்கழகத்தின் குழந்தை நல ஆய்வு நிலையத்தில் சேர்ந்தார். 1940-இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார்.

தம் தாயை அமெரிக்காவுக்கு அழைத்து வர லெவின் எடுத்த முயற்சிகள் பயனளிக்கவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது அவர் நாசிகளின் வதைமுகாமில் கொல்லப்பட்டார்.

ஒரு நாட்டின் மக்கள் சில ஆண்டுகளுக்குள் சர்வாதிகாரத்துக்குப் பணிந்ததை நேரில் கண்டவர் லெவின். அப்பணிவு அம்மக்களின் பிறவிக் குணமா, அல்லது தலைமை உருவாக்கும் சூழலின் விளைவா என்னும் கேள்வி அவருக்கு வெறும் ஏட்டுக் கேள்வியாக இருக்கவில்லை. பிறவிக் குணம் என்றால் அதை மாற்ற இயலாது. சூழலின் விளைவு என்றால், அதே மனிதர்களை வேறொரு தலைமையின்கீழ் வைத்துப் பார்த்தால் நடத்தை மாற வேண்டும். அயோவா சோதனைகள் இந்தக் கேள்வியையே சிறிய அளவில் ஆராய்ந்தன.

அயோவா சோதனைகள்

முதல் சோதனை

சிறுவர் குழுக்களை வழிநடத்துவதில் பயிற்சி பெற்றிருந்த ரொனால்ட் லிப்பிட் என்னும் மாணவர் முதல் சோதனையை 1937–1938-இல் நடத்தினார். ஐந்து ஐந்து சிறுவர் கொண்ட இரண்டு மன்றங்கள் அமைக்கப்பட்டன. இரண்டும் நாடக முகமூடி செய்யும் வேலையில் ஈடுபட்டன. லிப்பிட் ஒரு மன்றத்தில் எதேச்சாதிகாரத் தலைவராகவும் மற்றதில் சனநாயகத் தலைவராகவும் நடந்துகொண்டார். எதேச்சாதிகார மன்றத்தில் பகைமைச் செயல்கள் மற்றதைவிட ஏறத்தாழ 30 மடங்கு அதிகமாகப் பதிவாயின. அம்மன்றத்துச் சிறுவர் தங்களுள் ஒருவனைப் பலியாடாக்கி ஒதுக்கினர். அவன் விலகிய பின் இன்னொருவனுக்கும் அதுவே நேர்ந்தது.

இரண்டாம் சோதனை

இரண்டு குழுக்களிடையே காணப்பட்ட வேறுபாடு தலைமையால் வந்ததா, சிறுவர்களின் இயல்பால் வந்ததா என்பதை முதல் சோதனையால் பிரித்துக் காட்ட முடியவில்லை. எனவே ரால்ப் வைட் என்பவரும் இணைந்து இரண்டாம் சோதனை திட்டமிடப்பட்டது. பத்து வயதுச் சிறுவர் ஐவர் வீதம் நான்கு மன்றங்கள் அமைக்கப்பட்டன. பள்ளிப் பதிவேடுகள், ஆசிரியர் மதிப்பீடு, சிறுவரிடையே உள்ள நட்பு ஆகியவற்றைப் பார்த்து மன்றங்கள் ஒன்றுக்கொன்று ஒத்திருக்குமாறு பிரிக்கப்பட்டன. சில வாரங்களுக்கு ஒருமுறை ஒவ்வொரு மன்றத்துக்கும் தலைவரும் தலைமை முறையும் மாற்றப்பட்டன. இதனால் ஒரே சிறுவன் வெவ்வேறு தலைமையின்கீழ் எவ்வாறு நடந்துகொள்கிறான் என்பதை ஒப்பிட முடிந்தது.

மூன்று தலைமை முறைகள் ஆராயப்பட்டன:

* எதேச்சாதிகாரத் தலைமை: எல்லா முடிவுகளையும் தலைவரே எடுப்பார். அடுத்த படி என்ன என்பதை அவ்வப்போதுதான் சொல்லுவார். யார் யாரோடு வேலை செய்ய வேண்டும் என்பதையும் அவரே வகுப்பார். வேலையில் தாம் கலந்துகொள்ள மாட்டார்.
* சனநாயகத் தலைமை: முடிவுகள் கலந்துபேசி எடுக்கப்படும். வேலையின் முழுத்திட்டமும் முன்னரே விளக்கப்படும். துணையைச் சிறுவரே தேர்ந்துகொள்வர். பாராட்டும் குறையும் வேலையை ஒட்டியே சொல்லப்படும்.
* தலையிடாத் தலைமை: பொருள்கள் தரப்படும். கேட்டால் விளக்கம் கிடைக்கும். மற்றபடி தலைவர் ஒதுங்கியிருப்பார்.

மூன்றாவது முறை முதலில் திட்டமிடப்பட்டதன்று. சனநாயகத் தலைவராக நடக்க முயன்ற வைட் சிறுவர்களை அவர்கள் போக்கிலேயே விட்டுவிட்டார். மறைவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த லெவின், இது சனநாயகத்திலிருந்து வேறான ஒன்று என்பதைக் கண்டு, அதைத் தனி முறையாகச் சேர்த்தார். சுதந்திரம் அளிப்பதும் தலைமையைக் கைவிடுவதும் ஒன்றல்ல என்னும் வேறுபாடு இவ்வாறு ஆய்வுக்குள் வந்தது.

அளவிட்ட முறை

மறைவான இடத்தில் அமர்ந்திருந்த பார்வையாளர்கள் ஒவ்வொரு நிமிடமும் நடந்ததைக் குறித்தனர். யார் யாரிடம் பேசினார், அது கட்டளையா வேண்டுகோளா, பகைமையா நட்பா என்று ஒவ்வொன்றும் வகைப்படுத்தி எண்ணப்பட்டது. உரையாடல்கள் சுருக்கெழுத்தில் பதிவாயின. சில கூட்டங்கள் படம் பிடிக்கப்பட்டன. சிறுவர்களிடமும் தனியே கருத்துக் கேட்கப்பட்டது. இவற்றுக்கு மேலாக, திட்டமிட்ட சோதனைத் தருணங்களும் இருந்தன. தலைவர் வேண்டுமென்றே தாமதமாக வருவார்; வேலை நடுவே அறையைவிட்டு வெளியே செல்வார்; அல்லது அயலார் ஒருவர் வந்து சிறுவர்களின் வேலையைக் குறை கூறுவார்.

முடிவுகள்

முடிவுகள் 1939-இல் லெவின், லிப்பிட், வைட் மூவரின் பெயரில் ஆய்விதழ் ஒன்றில் வெளிவந்தன. விரிவான விவரங்களை வைட், லிப்பிட் இருவரும் 1960-இல் நூலாக வெளியிட்டனர். எதேச்சாதிகாரத் தலைமைக்குச் சிறுவர் ஒரே மாதிரியாக எதிர்வினை காட்டவில்லை. பெரும்பாலான குழுக்கள் அடங்கிச் சோர்ந்திருந்தன. ஒரு குழு மட்டும் முரட்டுத்தனத்தை வெளிப்படையாகக் காட்டியது. அடங்கியிருந்த குழுக்களிலும் தலைவர் வெளியேறியபோதோ, கட்டுப்பாடு தளர்ந்த முறைக்கு மாறியபோதோ அடக்கி வைத்த முரட்டுத்தனம் வெடித்தது.

சிறுவர் வேலையில் முனைந்திருந்த நேரத்தின் பங்கு பின்வருமாறு அமைந்தது:

* எதேச்சாதிகாரம், அடங்கிய குழுக்கள்: தலைவர் இருக்கும்போது 74 விழுக்காடு, வெளியே சென்றபின் 29 விழுக்காடு.
* எதேச்சாதிகாரம், முரட்டுக் குழு: தலைவர் இருக்கும்போது 52 விழுக்காடு, வெளியே சென்றபின் 16 விழுக்காடு.
* சனநாயகம்: தலைவர் இருக்கும்போது 50 விழுக்காடு, வெளியே சென்றபின் 46 விழுக்காடு.
* தலையிடாமை: தலைவர் இருக்கும்போது 33 விழுக்காடு. அவர் சென்றபின் இப்பங்கு உயர்ந்தது.

இந்த எண்கள் இரண்டு செய்திகளைத் தருகின்றன. தலைவர் அறையில் நிற்கும்போது மட்டும் அளந்தால், எதேச்சாதிகாரத் தலைமையே மிகுதியான உழைப்பைப் பெற்றுத் தருகிறது. அவர் வெளியே சென்றபின் அளந்தால், சனநாயகக் குழு மட்டுமே பழைய அளவுக்கு அருகில் தொடர்கிறது. தலைமையின் விளைவு எப்போது, எதைக் கொண்டு அளக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தே விடையும் மாறும் என்பதை இச்சோதனை தெளிவாகக் காட்டியது. தலைவர்களை ஒப்பிடச் சொன்னபோது 20 சிறுவருள் 19 பேர் எதேச்சாதிகாரத் தலைவரைவிடச் சனநாயகத் தலைவரையே விரும்பினர். மாறாகச் சொன்ன ஒருவன் படை அதிகாரியின் மகன் ஆவான்.

தொழிற்சாலை ஆய்வுகள்

சிறுவர் மன்றத்தில் கண்டது வேலைத்தலத்தில் பொருந்துமா என்பதை ஆராயும் வாய்ப்பு 1939-இல் கிடைத்தது. வர்சீனியா மாநிலத்தின் மலைப்பகுதியில் மேரியன் என்னும் ஊரில் ஆர்வுட் நிறுவனம் இரவு உடை தைக்கும் தொழிற்சாலை ஒன்றை நடத்தியது. அதன் தலைவர் ஆல்பிரெட் மாரோ தாமும் உளவியல் கற்றவர். சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து வேலைக்கு வந்த புதிய பெண் தொழிலாளர்கள், நிர்வாகம் எதிர்பார்த்த அளவை எட்டவில்லை. பலர் வேலையை விட்டு நின்றனர். தனித்தனியே அழுத்தம் தருவதை விடுத்துக் குழுக்களாகக் கருதி அவர்களை அணுகுமாறு லெவின் அறிவுரை கூறினார். அவருடைய மாணவர் அலெக்ஸ் பாவெலாஸ் அங்கு பல சோதனைகளை நடத்தினார்.

இவற்றுள் மிகவும் அறியப்பட்டது லெஸ்டர் கோச், ஜான் பிரெஞ்சு இருவரும் நடத்தி 1948-இல் வெளியிட்ட ஆய்வு ஆகும். அங்கு வேலை முறையில் மாற்றம் செய்யும்போதெல்லாம் உற்பத்தி குறைவதும் தொழிலாளர் விலகுவதும் வழக்கமாக இருந்தன. ஆய்வாளர்கள் ஒரு குழுவுக்கு மாற்றத்தை அறிவிப்பாக மட்டும் தெரிவித்தனர். மற்றொரு குழு சார்பாளர் மூலம் கலந்துகொண்டது. இன்னும் இரண்டு குழுக்களில் எல்லாத் தொழிலாளரும் மாற்றத்தைத் திட்டமிடுவதில் பங்கேற்றனர். அறிவிப்பு மட்டும் பெற்ற குழுவின் உற்பத்தி குறைந்து அவ்வாறே நின்றது. முதல் 40 நாள்களில் அக்குழுவில் 17 விழுக்காட்டினர் வேலையை விட்டனர். முழுமையாகப் பங்கேற்ற குழுக்கள் விரைவில் பழைய நிலையை எட்டி, அதற்கு மேலும் ஏறத்தாழ 14 விழுக்காடு உயர்ந்தன. பின்னர், அறிவிப்பு மட்டும் பெற்ற குழுவில் எஞ்சியவர்களுக்கும் பங்கேற்பு முறை அளிக்கப்பட்டபோது அவர்களுடைய உற்பத்தியும் உயர்ந்தது. எனவே முதலில் காணப்பட்ட தேக்கம் அத்தொழிலாளரின் இயல்பால் வந்ததன்று என்பது வெளிப்பட்டது.

போர்க்கால உணவுத் தட்டுப்பாட்டையொட்டி, மானிடவியலாளர் மார்கரெட் மீட் செயலாளராக இருந்த உணவுப் பழக்கக் குழுவுக்காகவும் லெவின் ஆய்வு செய்தார். வழக்கமாக ஒதுக்கப்படும் விலங்கின் உள்ளுறுப்புகளை உணவில் சேர்க்குமாறு இல்லத்தரசிகளை ஊக்குவிப்பது அதன் நோக்கம். சொற்பொழிவு மட்டும் கேட்டவர்களுள் 3 விழுக்காட்டினரே அதைச் சமைத்தனர். குழுவாகக் கலந்து பேசி முடிவெடுத்தவர்களுள் 32 விழுக்காட்டினர் சமைத்தனர்.

கோட்பாடுகள்

லெவின் மனித நடத்தையை ஒரு சூத்திரமாகச் சுருக்கினார். அதைத் தமிழில் ந = செ (ஆ, சூ) என எழுதலாம். நடத்தை (ந) என்பது ஆள் (ஆ), சூழல் (சூ) ஆகிய இரண்டின் செயற்பாடு (செ) என்பது இதன் பொருள். ஒருவரை எந்தக் கணத்திலும் பல விசைகள் இழுக்கவும் தள்ளவும் செய்கின்றன என்றும், நடத்தை அவ்விசைகளின் கூட்டு விளைவு என்றும் களக் கோட்பாடு கூறுகிறது.

ஓர் அமைப்பை மாற்ற முயலும்போதே அதை நன்கு அறிய முடியும் என்னும் கருத்தில் அமைந்தது செயலாய்வு. இச்சொல்லை 1946-இல் சிறுபான்மையினர் சிக்கல்கள் பற்றிய கட்டுரையில் அவர் விளக்கினார். உறைநிலையைத் தளர்த்துதல், மாற்றுதல், மீண்டும் உறையச் செய்தல் என்னும் மூன்று படிகள் மேலாண்மைப் பாடநூல்களில் லெவினின் மாதிரி எனத் தரப்படுகின்றன. அவருடைய எழுத்தில் இது சுருக்கமாகவே இடம்பெறுகிறது. விரிவான மாதிரியாக அதை வளர்த்தவர்கள் பின்வந்தவர்களே எனச் சில ஆய்வாளர்கள் சுட்டியுள்ளனர்.

இறுதி ஆண்டுகள்

லெவின் மாசாச்சுசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் குழு இயங்கியல் ஆய்வு மையத்தை நிறுவினார். அங்கு பணியாற்றியோரும் பயின்றோருமான லியோன் பெஸ்டிங்கர், மார்டன் டாய்ச், ஸ்டான்லி சாக்டர், அரல்ட் கெல்லி ஆகியோர் பின்னாளில் சமூக உளவியலின் முன்னணி அறிஞர்கள் ஆயினர். 1946-இல் கனெடிகட் மாநிலத்தில் இன உறவுகள் பற்றி நடந்த பயிற்சிப் பட்டறை, பிற்காலத்தில் உலகெங்கும் பரவிய குழுப் பயிற்சி முறைக்கு வித்திட்டது.

1947 பெப்ரவரி 12 அன்று மாசாச்சுசெட்ஸ் மாநிலத்தின் நியூட்டன்வில் நகரில் மாரடைப்பால் லெவின் காலமானார். அப்போது அவருக்கு வயது 56. அவர் இறந்தபின் 1948-இல் ஆய்வு மையம் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு மாற்றப்பட்டது.

பின்வந்த அளவீடுகள்

லெவினுக்குப் பின் தலைமையை அளக்கும் முறைகள் மூன்று திசைகளில் விரிந்தன. முதலாவது, வினாத்தாள் முறை. ஒகையோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தலைவரின் நடத்தையை அவருக்குக் கீழ் பணிபுரிவோரிடமே கேட்டு, பணியாளர் மீதான பரிவு, வேலையை ஒழுங்கமைத்தல் ஆகிய இரு பரிமாணங்களைக் கண்டனர். இரண்டாவது, லெவின் வழியிலான நேரடிச் சோதனை. மூன்றாவது, நிறுவனங்களின் நீண்டகாலக் கணக்குகளைப் பகுத்தல். 1972-இல் லீபர்சன், ஓ'கானர் இருவரும் 167 பெரிய நிறுவனங்களின் 20 ஆண்டுக் கணக்குகளை ஆராய்ந்தனர். ஆண்டு, தொழில்துறை, நிறுவனம் ஆகியவற்றின் பங்கைக் கழித்தபின் எஞ்சும் மாறுபாட்டையே தலைவர் மாற்றத்தோடு தொடர்புபடுத்தினர். விற்பனை மாறுபாட்டில் தலைவருக்கு உரிய பங்கு சிறியதாகவும், இலாப விகிதத்தில் அதைவிடப் பெரியதாகவும் இருந்தது. வெற்றிக்கும் தோல்விக்கும் தலைவரே காரணம் என நம்பும் மனப்போக்கையே ஆய்வுப் பொருளாக்கி ஜேம்ஸ் மைண்டில் முதலானோர் 1985-இல் கட்டுரை வெளியிட்டனர்.

ஓர் எடுத்துக்காட்டு

இம்முறைகளைத் தேனி மாவட்டத்துச் சூழலில் பொருத்திப் பார்த்தால் எளிதில் விளங்கும். தேவாரம், போடிநாயக்கனூர் பகுதிகளிலிருந்து தொழிலாளர்கள் ஜீப்புகளில் மலையேறி, கேரளத்தின் இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களுக்குச் சென்று மாலையில் திரும்புகின்றனர். தோட்டத்தில் வேலையை மேற்பார்வையிடுபவர் கங்காணி. ஒரு கங்காணியின் தலைமை நன்றா என்பதை அறிய ஒருவர் விரும்புவதாகக் கொள்வோம்.

அவருடைய குழு பறித்த ஏலக்காயின் எடையை மட்டும் பார்த்தால் போதாது. முற்றாத காயையும் சேர்த்துப் பறித்தால் எடை கூடும், தரம் குறையும். எனவே முற்றிய காயின் பங்கையும் பார்க்க வேண்டும். கங்காணி அருகில் நிற்கும்போதும் அடுத்த சரிவுக்குச் சென்றபோதும் தனித்தனியே அளக்க வேண்டும். அடுத்த பறிப்புக்கு அதே ஆட்கள் திரும்பி வருகிறார்களா என்பதும் ஓர் அளவையே. நல்ல விளைச்சல் உள்ள சரிவும் கைதேர்ந்த ஆட்களும் ஒரு கங்காணிக்கு மட்டும் அமைந்திருக்கலாம். ஆகவே, அயோவாவில் செய்தது போல, கங்காணிகளைக் குழுக்களிடையே மாற்றி ஒப்பிட வேண்டும்.

தோட்ட மேலாளரின் விளைவை அளப்பது இன்னும் கடினம். ஓராண்டில் இலாபம் உயர்ந்தால் அது அவர் திறமையாக இருக்கலாம், பருவமழையாகவும் இருக்கலாம், போடிநாயக்கனூர் ஏல மையத்தில் கிடைத்த விலையாகவும் இருக்கலாம். மழையும் விலையும் அக்கம்பக்கத் தோட்டங்கள் எல்லாவற்றையும் பாதிப்பவை. பல தோட்டங்களின் பல ஆண்டுக் கணக்கை ஒப்பிட்டு அவற்றின் பங்கைக் கழித்த பின்னரே மேலாளரின் பங்கு தெரியவரும். லீபர்சன், ஓ'கானர் கையாண்ட முறையின் சாரம் இதுவே.

இந்தியாவில் தாக்கம்

குழு பற்றிய புதிய ஆய்வு முறைகள் இந்தியாவுக்கு வந்த முதன்மையான வாயில்களுள் ஒன்று அகமதாபாத். விக்ரம் சாராபாய் முன்னின்று 1947-இல் நிறுவிய அகமதாபாத் நெசவுத் தொழில் ஆராய்ச்சிக் கழகத்தில் உளவியல் பிரிவை நடத்தியவர் கமலா சௌத்ரி. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற இவர், தியோடர் நியூகோம்புடன் இணைந்து 1952-இல் வெளியிட்ட ஆய்வில், தம் குழுவினரின் கருத்தை அக்குழுவுக்குத் தொடர்புடைய செய்திகளில் தலைவர்கள் பிறரைவிடச் சரியாகக் கணிக்கின்றனர் எனக் காட்டினார்.

லெவினின் மையத்துடன் இணைந்து ஆய்விதழ் தொடங்கிய இலண்டன் டேவிஸ்டாக் நிறுவனத்தைச் சேர்ந்த ஏ. கே. ரைஸ், 1953-இல் அகமதாபாத் காலிகோ ஆலையின் தானியங்கித் தறிக்கூடத்தில் ஒரு சோதனை நடத்தினார். பணிகள் பன்னிரண்டாகப் பிரிந்து கிடந்த தறிக்கூடத்தில், 64 தறிகளுக்கு எழுவர் வீதம் தமக்குள் தலைமை கொண்ட சிறு குழுக்கள் அமைந்தன. தறிகளின் செயல்திறன் உயர்ந்தது, துணியில் சேதம் குறைந்தது.

அயோவா சோதனை இந்தியாவில் அதே விடையைத் தரவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. ஆர். டி. மீட் வட இந்தியச் சிறுவர்களிடையே நடத்தி 1967-இல் வெளியிட்ட ஆய்வில், எதேச்சாதிகாரத் தலைமையின்கீழ் இருந்த குழுக்களே கூடுதலாக வேலை செய்தன. அத்தலைமையை விரும்பியவர்களும் மிகுதி. பட்னாவைச் சேர்ந்த ஜெ. பி. பி. சின்கா 1980-இல் வெளியிட்ட நூலில், பணியாளரைப் பேணி வளர்த்துக்கொண்டே வேலையிலும் கண்டிப்புக் காட்டும் தலைமையே இந்திய நிறுவனங்களில் தொடக்கத்தில் பயன் தரும் எனவும், பின்னர் அது பங்கேற்புத் தலைமையாக மாற வேண்டும் எனவும் வாதிட்டார். ஆளையும் சூழலையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்னும் லெவினின் சூத்திரத்துக்கு இம்முடிவுகள் முரணானவையல்ல. ஆனால் சனநாயகத் தலைமை எங்கும் ஒரே விளைவைத் தரும் என்னும் எளிய முடிவை அவை மறுக்கின்றன.

விமர்சனங்கள்

அயோவா சோதனைகளில் பங்கேற்றோர் மிகச் சிலர். இரண்டாம் சோதனையின் நான்கு மன்றங்களிலும் சிறுவர் மட்டுமே இருந்தனர். தலைவர்கள் கொடுக்கப்பட்ட பங்கை நடித்தவர்கள். சிறுவரின் மன்றத்துக்கும் கூலி, பதவி, வேலைநீக்கம் ஆகியவை உள்ள நிறுவனத்துக்கும் பெரும் வேறுபாடு உண்டு. சனநாயகம் சிறந்தது என்னும் முன்முடிவு ஆய்வாளரின் விளக்கங்களைப் பாதித்தது என்ற குற்றச்சாட்டும் உள்ளது. ஆர்வுட் ஆய்வில், பங்கேற்ற குழுக்களுக்குப் பங்கேற்பு தவிர வேறு பயிற்சி வேறுபாடுகளும் இருந்தன எனச் சிலர் வாதிட்டனர்.

மதிப்பீடு

தலைமை பற்றிய பேச்சு நெடுங்காலம் பெரியோரின் புகழுரையாகவே இருந்தது. ஒரே குழுவுக்குத் தலைவரை மாற்றிப் பார்ப்பது, தலைவர் இல்லாதபோதும் அளப்பது, விளைச்சலோடு மனநிலையையும் எண்ணுவது ஆகிய மூன்று வழிகளால் அதை ஆய்வுக்கு உட்பட்ட பொருளாக்கியதில் லெவினின் பங்கு பெரிது. 2002-இல் வெளியான ஒரு கணிப்பில் இருபதாம் நூற்றாண்டின் சிறந்த உளவியலாளர் வரிசையில் இவர் 18-ஆம் இடத்தைப் பெற்றார். இவருடைய கட்டுரைத் தொகுப்புகள் இரண்டு, 1948-இலும் 1951-இலும், இவர் மறைவுக்குப் பின்னரே வெளிவந்தன.